அல்பினா: தேடல் அன்றும் இன்றும்

1880 அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை இரவு, மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையிலுள்ள கிராண்ட் ஹேவனிலிருந்து சிகாகோவுக்குக் கிளம்பியது ‘அல்பினா’ நீராவிக் கப்பல். 1866இல் கட்டிய மரக்கப்பல். இருபுறமும் துடுப்புச் சக்கரங்கள். மேல்தளத்தில் மனிதர்கள், கீழ்த்தளத்தில் ஆப்பிள். மாலை வரை இதமாக இருந்த காற்று இரவில் பெரும்புயலாக மாறியது. மறுநாள் காலை வேறு கப்பல்களில் இருந்தவர்கள் அல்பினா தத்தளிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தார்கள். பிறகு யார் கண்ணிலும் அது படவில்லை.

செய்தியைக் கரைக்குக் கொண்டுவந்தவை ஆப்பிள்கள்தாம். ஹாலந்து என்ற ஊரை ஒட்டிய கரையில் அலைகள் அவற்றை ஒதுக்கின. கூடவே உடைந்த பலகைகள். இறந்தவர்கள் ஏறத்தாழ 80 பேர் என்பார்கள். அந்த ‘ஏறத்தாழ’வை இன்றுவரை நீக்க முடியவில்லை. பயணிகள் பட்டியல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கப்பலோடு போய்விட்டது. யார் யாரை இழந்தோம் என்பதைக் கரையில் இருந்தவர்கள் வீடு வீடாகக் கூட்டிக் கணக்கிட வேண்டியிருந்தது. இன்று அதே இரு ஊர்களுக்கும் இடையே காரில் மூன்று மணி நேரம் போதும். அவற்றுக்கிடையே ஓடிய இரவுக் கப்பலும் அதில் உறங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேரும் பழக்கமும் மறைந்துவிட்டன.

நீராவியின் தொடக்க காலத்தில் மூழ்கிய கப்பலை யாரும் சும்மா விடமாட்டார்கள். மரம் மலிவு, இயந்திரம் அரிது. நயாகராவுக்கு மேலுள்ள ஏரிகளில் முதலில் ஓடிய நீராவிக் கப்பல், 1818இல் வந்த ‘வாக்-இன்-தி-வாட்டர்’. 1821இல் அது பஃபலோ அருகே தரைதட்டி உடைந்ததும் இயந்திரத்தைக் கழற்றி அடுத்த கப்பலில் பொருத்தினார்கள். ஆகவே கையெட்டும் ஆழத்தில் கிடந்தவை பெரும்பாலும் இயந்திரம் போன வெறுங்கூடுகள். யாரும் தொடாமல் முழுசாகக் கிடக்கும் கப்பல் என்றால் அது யாருக்கும் அகப்படாத கப்பலாகத்தான் இருக்க முடியும். அல்பினா மீது எனக்குள்ள ஈர்ப்புக்கு அதுவே காரணம்.

அன்றைய தேடல் கையால் நடந்தது. கொக்கிகளைக் கயிற்றில் கட்டி இழுத்தார்கள். மீனவர் வலை எங்கே சிக்கிக் கிழிந்தது என்று விசாரித்தார்கள். மிச்சிகன் ஏரியின் பரப்பு ஏறக்குறைய 58,000 சதுர கிலோமீட்டர், மிக ஆழமான இடம் 281 மீட்டர். அதில் கொக்கி எவ்வளவு தூரம் போகும்? இன்று படகின் பின்னால் பக்கவாட்டு சோனார் கருவியைக் கட்டி, வயலில் சால் ஓட்டுவதுபோல வரிசை வரிசையாகப் போய்வருகிறார்கள். ஒலி திரும்பும் விதத்தைக் கொண்டு தரையின் நிழற்படம் திரையில் விழுகிறது. பழைய செய்தித்தாள்களைக் கணினியில் புரட்டி, பலகை ஒதுங்கிய இடத்தையும் காற்றின் திசையையும் ஒப்பிட்டு, தேட வேண்டிய பரப்பைக் குறுக்குகிறார்கள். மனிதர் இறங்க முடியாத ஆழத்துக்கு நீரடி ரோபோ போகிறது. இவ்வளவு இருந்தும் அல்பினா கிடைக்கவில்லை.

கிடைத்ததை என்ன செய்வது என்பதிலும் காலம் மாறியிருக்கிறது. 1809இல் சாம்ப்ளெயின் ஏரியில் ஓடத் தொடங்கி 1815இல் மூழ்கிய ‘வெர்மாண்ட்’ கப்பலை 1953இல் மேலே தூக்கினார்கள். காட்சிசாலை அமைக்கும் ஆசை நிறைவேறவில்லை. நீருக்குள் ஒன்றரை நூற்றாண்டு நெருங்கத் தாங்கிய மரம் கரையில் உலர்ந்து உளுத்துப் போனது. 1969இல் மிச்சிகன் ஏரியிலிருந்து தூக்கிய ‘ஆல்வின் கிளார்க்’ பாய்மரக்கப்பலுக்கும் அதே கதி. 1994இல் இடித்துத் தள்ளினார்கள். இன்று அப்படித் தூக்க முடியாது. 1988இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டப்படி, கைவிடப்பட்ட இத்தகைய கப்பல்கள் அந்தந்த மாநிலத்துக்குச் சொந்தம். இருக்கும் இடத்திலேயே விட்டு, அளந்து, படமெடுத்து வருவதே முறை. தொட்டுப் பார்க்கும் மகிழ்ச்சி போயிற்று, கப்பல் மிஞ்சியது. இழப்பைவிட ஆதாயம் பெரிது என்பது என் எண்ணம்.

ஆனால் அப்படியே விட்டால் பிழைக்கும் என்ற உறுதி இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. அன்று இந்த ஏரிகளின் அடியில் குளிரும் இருளும் காவல் இருந்தன. கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் புழு நன்னீரில் வாழாது. 1980களின் இறுதியில், வெளிநாட்டுக் கப்பல்கள் பாரத்துக்காக அடியில் நிரப்பி வந்த நீரோடு வரிச்சிப்பியும் குவாகா சிப்பியும் வந்து சேர்ந்தன. நகக்கண் அளவுள்ள சிப்பிதான். ஒன்று நார்விட்டுப் பலகையைப் பற்றும்; அதன் ஓட்டின் மேல் அடுத்தது பற்றும். குவாகா குளிர்ந்த ஆழத்துக்கும் இறங்கும். விரல் நுழையாத கனத்தில் அவை மூடியபின் பெயர் எழுதிய பலகையும் ஆணித் தலையும் தெரியாது; பாரம் தாங்காமல் மரம் பெயரும், ஓடுகளுக்கு அடியில் இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கும். நீரை வடிகட்டியே உண்பதால் ஏரியை அவை தெளிவாக்கியும் இருக்கின்றன. முக்குளிப்பவர் முன்பைவிட வெகுதூரம் பார்க்கிறார், பார்ப்பதெல்லாம் சிப்பி. சுண்ணாம்புச் சத்து குறைந்த சுப்பீரியர் ஏரி மட்டும் பெரும்பாலும் தப்பியிருக்கிறது.

அல்பினா எவ்வளவு ஆழத்தில் கிடந்தாலும் இந்தக் கணக்கில் அதுவும் உண்டு. நாளை சோனார் திரையில் துடுப்புச் சக்கரத்தின் வட்டம் விழுந்தாலும், கண்டவர் கைக்கு ஓர் ஆப்பிள் பீப்பாயின் பலகைகூட வராது. படம் மட்டுமே வரும். அந்தப் படத்தில் கப்பல் எவ்வளவு தெரியும் என்பது எந்த ஆண்டில் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.