வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று: உங்கள் செல்போன் செய்யும் 1857-ம் ஆண்டு வித்தை!

ராமநாதபுரம் மாவட்டம் மாரியூர் கடற்கரை. காலை வெயில் பட்டு மன்னார் வளைகுடா தகதகக்கிறது. செல்போனை எடுத்து ஒரு கிளிக். வானத்து மேகமும் இருக்கு, அலையின் நுரையும் இருக்கு. 'இதுல என்ன அதிசயம்?' என்கிறீர்களா? சுமார் 170 ஆண்டுகளுக்கு முன்பு கைதேர்ந்த புகைப்படக்காரர்களுக்கே இது பெரும்பாடு!

வானம் ஏன் வெளுத்தது?

அன்றைய நெகட்டிவ்களில் பூசிய ரசாயனம் நீல ஒளியை வேகமாக உள்வாங்கும். மஞ்சள், சிவப்பு நிறங்களை அவ்வளவாக உணராது. தரைக்காட்சி சரியாகப் பதிவாகும்வரை காத்திருந்தால், அதற்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிவாகிவிடும். அச்சிட்டால் மேகமே இல்லாத வெள்ளைத் தாள்தான்.

இரண்டு நெகட்டிவ், ஒரு படம்

பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே 1856-ல் சூரியனை நோக்கியே கேமராவைத் திருப்பி, பாய்மரக் கப்பல் ஒன்றைப் படமெடுத்தார். அலையின் ஒவ்வொரு சரிவும் சின்னக் கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அனுப்பும். அந்த மினுமினுப்பு மட்டும் பளிச்சென்று விழ, மற்றதெல்லாம் இருண்டது. பட்டப்பகலில் எடுத்த படத்தை நிலவொளி என்றே பலரும் நினைத்தார்கள்.

1857-ல் செத் என்ற துறைமுக ஊரில் எடுத்த 'பெரிய அலை' படத்தில் அடுத்த படி. வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு இன்னொன்று. இரண்டையும் அடிவானக் கோட்டில் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார்.

மதுரைக்கு வந்த கேமரா

அதே காலத்தில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர் லினியஸ் டிரைப். 1858-ல் மதுரைக் கோயில், தெப்பக்குளம் எனப் படமெடுத்தார். அரசுக்குத் தேவை ஆவணம். ஆனாலும் வெறும் வானம் அவருக்குப் பிடிக்கவில்லை போல! சில நெகட்டிவ்களில் வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். நெகட்டிவில் வண்ணம் ஒளியை மறைக்கும். அச்சில் அந்த இடம் வெள்ளை மேகமாகத் தெரியும். அவ்வளவுதான் சூட்சுமம்.

அப்போ எது நிஜம்?

இன்று செல்போனின் 'எச்டிஆர்' வசதி, கண் இமைப்பதற்குள் வெவ்வேறு ஒளி அளவுகளில் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. லெ கிரேயின் யோசனைதான், வேகம் மட்டும் கூடியிருக்கிறது. இதைப் பொய் என்று சொல்ல முடியாது. நம் கண்ணும் வானத்தையும் கடலையும் மாறி மாறிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

ஆனால், எடிட்டிங் செயலியில் 'வானத்தை மாற்று' என்று தட்டுவது வேறு. அது டிரைப்பின் தூரிகை. அங்கே இருந்ததைச் சேர்ப்பது ஒன்று, இல்லாததை வரவழைப்பது இன்னொன்று.

ரசிக்கிற படத்தில் இந்த வித்தியாசம் பெரிதில்லை. புயல் நேரத்தில் 'இப்போ நம்ம கடல் இப்படித்தான் இருக்கு' என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தால்? கருமேகம் அன்றைக்கு அங்கே இருந்ததா, யாராவது ஒட்டியதா என்பது கடலோரக் குடும்பங்களுக்கு முக்கியம். ஃபார்வர்டு செய்யும் முன் வானிலை மையத்தின் அறிவிப்பை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மேகத்தை வரைய அன்று தூரிகை வேண்டும். இன்று ஒரு விரல் போதும்.