குருதிக்கட்டியால் ஏற்படும் மாரடைப்பு

இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் கரோனரி தமனி ஒன்று குருதிக்கட்டியால் அடைபட்டு, அத்தசையின் ஒரு பகுதி ஆக்சிசன் இன்றி இறக்கத் தொடங்கும் நிலையே மாரடைப்பு ஆகும்.

காரணம்

தமனிச் சுவரில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த கொழுப்புப் படிவு திடீரெனக் கிழியும்போது, குருதித் தட்டுகள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் அவற்றை வலைபோலப் பின்னிக் கட்டியாக்குகின்றன. இக்கட்டி மாரடைப்பின் காரணமா, விளைவா என்று நெடுங்காலம் விவாதம் நடந்தது. அறிகுறி தோன்றிய 4 மணி நேரத்திற்குள் ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டவர்களில் 87 விழுக்காட்டினருக்குத் தமனி முழுவதும் அடைபட்டிருந்ததை 1980இல் அமெரிக்க மருத்துவர் டிவுட் குழுவினர் வெளியிட்டனர். அதன்பின் கட்டியை நீக்குவதே சிகிச்சையின் நோக்கமானது.

கண்டறிதல்

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியன முக்கிய அறிகுறிகள். நீரிழிவு நோயாளிகள், முதியோர், பெண்கள் ஆகியோரிடம் வலி தெளிவாக இல்லாமலும் போகலாம். மருத்துவமனையை அடைந்த 10 நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும். அதில் எஸ்.டி. பகுதி உயர்ந்திருந்தால் தமனி முழுமையாக அடைபட்டிருக்கக்கூடும். அப்போது குருதிச் சோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் சிகிச்சை தொடங்கப்படும். அவ்வாறு உயராதபோது, சிதைந்த தசையிலிருந்து கசியும் ட்ரோபோனின் என்னும் புரதத்தின் அளவு நோயை உறுதிப்படுத்துகிறது. முதல் சோதனை இயல்பாக இருந்தாலும் சில மணி நேரத்தில் மீண்டும் செய்யப்படும்.

சிகிச்சை

ஒவ்வாமை போன்ற தடை இல்லாதவர்களுக்கு ஆஸ்பிரின் மென்று விழுங்கக் கொடுக்கப்படும். எஸ்.டி. உயர்ந்த மாரடைப்புக்கு ஆஞ்சியோபிளாஸ்டியே சிறந்தது. சிறு பலூனால் அடைப்பை விரித்து ஸ்டென்ட் பொருத்தும் இம்முறையை 120 நிமிடங்களுக்குள் செய்ய இயலாவிடில், டெனெக்டிபிளேஸ், ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற கட்டி கரைப்பு மருந்து ஊசியாகச் செலுத்தப்படும். அறிகுறி தோன்றி 12 மணி நேரம் வரை இதனைத் தரலாம். முதல் 2, 3 மணி நேரத்தில் பயன் மிகுதி. மூளைக் குருதிக்கசிவு ஏற்பட்டவர்களுக்கு இது தரப்படுவதில்லை. தமனி பகுதியளவே அடைபட்ட, எஸ்.டி. உயராத மாரடைப்புக்கும் இது பொருந்தாது.

1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 நோயாளிகள் பங்கேற்றனர். ஆஸ்பிரினும் ஸ்ட்ரெப்டோகைனேசும் பெற்றோரில் 5 வாரங்களுக்குள் இறந்தவர்கள் 8 விழுக்காடு. இரண்டும் பெறாதோரில் 13.2 விழுக்காடு.

இறந்த இதயத் தசை மீண்டும் வளர்வதில்லை. எனவே நெஞ்சுவலியை வாயுத் தொல்லை என்று எண்ணி வீட்டில் காத்திருப்பதும், தாமே வண்டி ஓட்டிச் செல்வதும் ஆபத்தானவை. இந்தியாவில் 108, இலங்கையில் 1990 ஆகிய எண்களில் அவசர ஊர்தியை அழைக்கலாம்.