இருட்குகையில் ஒரு பிசி

ஒரு நூலை விரும்பிக் கற்றவன் அதன் திரைப்படத்தைக் காணச் செல்லும்போது, பாதிப் பகைவனாகவே செல்கிறான். 2012ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், இலண்டனிலே என் தமக்கையார் இல்லத்தில் தங்கியிருந்த வேளை, 'ஹொபிற்' படத்துக்கு நானும் அம்மனநிலையிலேயே சென்றேன். என்னை அழைத்துச் சென்றவன் பன்னிரண்டு வயதான மருமகன். நாம் தமிழிற் கேட்பன அவனுக்கு விளங்கும். மறுமொழி மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

நூலாசிரியர் ஜே. ஆர். ஆர். ரொல்கீன் ஒருவகையில் நம் இனத்தவர், வாத்தியார் இனம். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். பரீட்சை விடைத்தாள் திருத்துகையில், மாணவனொருவன் எழுதாது விட்ட வெற்றுப் பக்கத்திலே தாம் எழுதிய ஒரு வாக்கியத்திலிருந்தே கதை பிறந்தது என்று அவரே கூறியுள்ளார். விடைத்தாள்களோடு இரவைக் கழித்த ஆசிரியர்கள் அந்த வெற்றுப் பக்கத்தின் அருமையை அறிவர். கதை 1937இல் நூலாயிற்று.

வோட்டர்லூ புகையிரத நிலையத்தின் அருகே உள்ள அவ்வரங்கின் திரை ஏறத்தாழ 20 மீற்றர் உயரமானது. படங்கள் செக்கனுக்கு 24 சட்டங்களாகப் பிடிக்கப்படுவதே வழக்கம்; இயக்குநர் பீற்றர் ஜக்ஸன் இதனை 48 சட்டங்களாகப் பிடித்தார். நியூசிலாந்தின் மலைகள் மடிமீது வந்து விழுவனபோல நின்றன. வியந்தேன், ஆயினும் நெஞ்சு ஒன்றவில்லை. சிறியதொரு சிறுவர் நூலை மூன்று படங்களாக நீட்டுதற்காக, ஆசிரியரின் பிற்கால நூலொன்றின் பின்னிணைப்புகளிலிருந்தும் செய்திகளை எடுத்துச் சேர்த்திருந்தனர். போர் முடியப் போர் வந்தது. எனக்கு இடையிடையே கண் அயர்ந்தது.

பின்னர் அந்தக் குகை வந்தது. நிலத்தடி ஏரிக்கரையில், கதைத் தலைவன் பில்போவும் கொல்லம் என்னும் மெலிந்த உருவமும் எதிரெதிரே இருந்து விடுகதை தொடுக்கின்றனர். பில்போ வென்றால் வெளியேறும் வழி. தோற்றால் அவனே உணவு. படையில்லை, மலையில்லை, இருளும் இரு குரல்களுமே. அரங்கம் மூச்சடங்கிக் கேட்டது. பில்போ வாய் திறக்குமுன் என் மருமகன் விடைகளை முணுமுணுத்தான்.

ரொல்கீனுக்கு இக்கலை புதிதன்று. பழைய ஆங்கிலக் கவிதைகளைத் தாங்கிய எக்சீற்றர் ஏட்டில் தொண்ணூறுக்கு மேற்பட்ட விடுகதைகள் உள்ளன. நம் தொல்காப்பியரும் செய்யுளியலிலே பிசி என இதனை ஓர் இலக்கிய வகையாக வைத்து எண்ணினார். பொருளை மறைத்து, அதன் இயல்பை மட்டும் காட்டி, பெயரைக் கேட்பவன் வாயினின்று வருவிப்பது பிசி. ஐந்து மாடி உயரத் திரையும் அக்கணத்திற் சொல்லுக்கு ஏவல் செய்தது.

திரும்பும் வழியில், தமிழிலும் இத்தகையன உண்டா என்று மருமகன் ஆங்கிலத்திற் கேட்டான். வெயிலில் உடன் நடந்து, இருளிற் பிரியும் தோழன் எவன் என்றேன். சற்றே சிந்தித்தான். விடையைக் கண்டுகொண்டான், ஆனால் அதன் தமிழ்ப் பெயர் அவனிடம் இல்லை. "நிழல்" என்றேன். ழகரம் நாவில் அமையும்வரை மும்முறை சொல்லிப் பார்த்தான். பின்,

"இன்னொண்டு சொல்லுங்கோ, மாமா" என்றான்.

பெருந்திரையின்மீது நான் கொண்டிருந்த பகை அன்றோடு தீர்ந்தது.