பார்த்தீனியம்

பார்த்தீனியம் என்பது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுக் களைச்செடி ஆகும். இதன் அறிவியற் பெயர் பார்த்தீனியம் ஹிஸ்டெரோபோரஸ். வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா, எத்தியோப்பியா முதலிய நாடுகளில் ஆக்கிரமிப்புக் களையாகப் பரவியுள்ளது. தரிசு நிலங்கள், சாலையோரங்கள், வயல்கள் ஆகியவற்றுடன் வீட்டுத் தோட்டங்களிலும் இது வளர்கின்றது.

தோற்றம்

இளஞ்செடியின் இலைகள் தரையை ஒட்டி வட்டமாகப் படர்ந்திருக்கும். அவை ஆழமாகப் பிளவுபட்டுக் காரட் இலைகளைப் போல் தோன்றுவதால் இதனைக் காரட் புல் எனவும் அழைப்பர். பின்னர் தண்டு நிமிர்ந்து, பல கிளைகளுடன் ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். பூக்கள் வெண்ணிறமான சிறிய கொத்துகளாக அமைந்திருக்கும். முளைத்த நான்கு முதல் எட்டு வாரங்களில் பூக்கத் தொடங்கும். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000 அல்லது அதற்கு மேற்பட்ட விதைகளைத் தரக்கூடியது.

பரவல்

இந்தியாவில் 1950களின் நடுப்பகுதியில் புனே நகரில் இச்செடி கவனத்துக்கு வந்தது. இறக்குமதி செய்யப்பட்ட தானியத்துடன் இது வந்ததாகப் பரவலாகக் கருதப்படுகிறது. எனினும் அதற்கு முன்னரே இந்தியாவில் சேகரிக்கப்பட்ட உலர்தாவர மாதிரிகளும் உள்ளன. இதன் விதைகள் மிகச் சிறியவை. காற்று, நீர், வாகனச் சக்கரங்கள், தொழுவுரம், நாற்றுகளுடன் வரும் மண் ஆகியவற்றின் மூலம் இவை தோட்டங்களை அடைகின்றன.

பாதிப்புகள்

இச்செடியில் உள்ள பார்த்தெனின் என்னும் வேதிப்பொருள் அருகிலுள்ள பிற தாவரங்களின் முளைப்பையும் வளர்ச்சியையும் தடுக்கின்றது. செடியைத் தொடுவதால் சிலருக்குத் தோல் அழற்சி ஏற்படும். மகரந்தத்தைச் சுவாசிப்பதால் தும்மல், மூக்கடைப்பு, ஈளை நோய் முதலியன தோன்றலாம். முதலில் பாதிப்பு இல்லாதவர்களுக்கும் தொடர்ந்த தொடர்பினால் நாளடைவில் ஒவ்வாமை உருவாகக்கூடும். இதனை உண்ணும் கால்நடைகளின் பாலில் கசப்புச் சுவை ஏறும்.

வீட்டுத் தோட்டத்தில் கட்டுப்படுத்தல்

பூப்பதற்கு முன் வேருடன் பிடுங்குவதே சிறந்த முறையாகும். மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது வேர் எளிதில் வரும். தண்டை மட்டும் வெட்டினால் அடிப்பகுதியில் இருந்து மீண்டும் துளிர்க்கும். பிடுங்குவோர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் இவ்வேலையைத் தவிர்க்க வேண்டும்.

பூக்காத செடிகளை மட்கச்செய்து உரமாக்கலாம். பூத்த செடிகளை உரக்குழியில் இட்டால், போதிய வெப்பம் இல்லாதபோது விதைகள் உயிருடன் தங்கி, உரத்துடன் தோட்டம் முழுவதும் பரவும். இவற்றைத் தனியாகப் பையில் கட்டி அகற்றுவது நல்லது.

மண்ணில் உள்ள விதைகள் பல ஆண்டுகள் உயிருடன் இருக்கக்கூடும். எனவே ஒரு முறை களையெடுத்தல் போதுமானதன்று. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் புதிய நாற்றுகளைத் தேடி அகற்ற வேண்டும். வெற்றிடங்களை வைக்கோல், சருகு ஆகியவற்றால் மூடுவதும், அடர்ந்து வளரும் துலுக்கச் சாமந்தி போன்ற செடிகளை நடுவதும் முளைப்பைக் குறைக்கும்.

தரிசு நிலங்களில் இக்களையின் மீது உப்புக் கரைசல் தெளிக்கும் வழக்கம் உண்டு. தோட்டத்தில் இது மண்ணை உவராக்கிப் பயிர்களையும் பாதிக்கும் என்பதால் ஏற்றதன்று.

உயிரியல் கட்டுப்பாடு

மெக்சிகோவில் இருந்து கொண்டுவரப்பட்ட சைகோகிராம்மா பைகலரேட்டா என்னும் வண்டு, 1984 ஆம் ஆண்டில் பெங்களூரில் இக்களைக்கு எதிராக விடப்பட்டது. வண்டும் அதன் புழுக்களும் இலைகளைத் தின்று செடியை நலிவுறச் செய்கின்றன. மழைக்காலத்தில் பெருகும் இவ்வண்டு வறண்ட காலத்தில் மண்ணுக்குள் உறங்குநிலையில் இருக்கும். ஆகையால் வண்டு உள்ள இடங்களிலும் கையால் களையெடுத்தல் தேவைப்படுகிறது.