மறைந்த நூலை மீட்ட மதிப்புரை

நல்ல நூல் தானே நிலைத்துவிடும் என்று பலர் கருதுவர். அமெரிக்க யூத நாவல் ஒன்றின் வரலாறு அக்கருத்தை மறுக்கின்றது.

ஹென்றி ராத் எழுதிய ‘கால் இட் ஸ்லீப்’ என்னும் நாவல் 1934-இல் நியூயார்க்கில் வெளிவந்தது. ஐரோப்பாவினின்று குடியேறிய ஏழை யூதக் குடும்பத்தில், தந்தையின் சினத்துக்கு அஞ்சி வாழும் டேவிட் என்ற சிறுவனின் கதை அது. அதன் மொழித்திறம் ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. தாயும் மகனும் வீட்டில் பேசும் யித்திஷ் மொழி, தெளிந்த இனிய ஆங்கிலத்தில் தரப்பட்டுள்ளது. தெருவிலே அதே சிறுவன் பேசும் ஆங்கிலமோ சிதைந்த கொச்சையாக இருக்கின்றது. தாய்மொழியில் நிறைந்திருக்கும் மனம் வேற்றுமொழியில் எவ்வாறு குறுகிவிடுகின்றது என்பதை இதனினும் நன்கு காட்டல் அரிது.

பாராட்டுப் பெற்றும், பதிப்பகம் நொடித்தமையால் நூல் மறக்கப்பட்டது. ராத்தும் எழுத்தைக் கைவிட்டு, பிற்காலத்தில் மெய்ன் மாநிலத்தில் வாத்து வளர்த்து வாழ்ந்தார். எனினும், படித்தவருள் சிலர் அதனை மறந்திலர். தகுதியிருந்தும் புறக்கணிக்கப்பட்ட நூல்கள் எவை என ‘அமெரிக்கன் ஸ்காலர்’ இதழ் 1956-இல் வினவியபோது, ஆல்பிரட் கேசின், லெஸ்லி பீட்லர் ஆகிய இருவரும் இந்நூலைக் குறித்தனர். 1964-இல் மலிவுப் பதிப்பு வந்தது. திறனாய்வாளர் இர்விங் ஹௌ, நியூயார்க் டைம்ஸ் நூன்மதிப்புரை இதழின் முதற்பக்கத்தில் அதனைப் போற்றி எழுதினார். பின்னர்ப் பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது.

கேசினும் ஹௌவும் யித்திஷ் பேசிய குடியேறிகளின் மக்கள். தம் வீட்டுப் பேச்சின் பெருமையை நூலிலே கண்ட அவர்கள், அதனைப் பிறர்க்கும் எடுத்துரைத்தனர். நல்ல நூலைப் படித்தவர்க்கு அதனைச் சொல்லும் கடமையும் உண்டு என்பதற்கு இதுவே சான்றாகும்.