குவளையும் தட்டும் – 9: யாரும் கடிக்காத சாண்ட்விச்

சென்ற வாரம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ரிச்மண்ட் நகரின் ஸ்காட்ஸ் அடிஷன் பகுதியில் நின்றோம். பழைய கிடங்குகளுக்குள் முளைத்த பீர் டேப்ரூம்கள், பீர் தயாரிக்கும் இடத்திலேயே கிளாஸில் ஊற்றி விற்க 2012இல் கிடைத்த அனுமதி, அடுப்பில்லாத அந்த இடங்களின் வாசலுக்கு வரும் சாப்பாட்டு வண்டிகள் எல்லாம் நினைவிருக்கும். இந்த வாரம் அதே ஊரின் காக்டெயில் பார்கள் என்று சொல்லியிருந்தேன்.

டேப்ரூமுக்கு அடுப்பு வேண்டாம். காக்டெயில் பாருக்கோ அடுப்புதான் உயிர். வர்ஜீனியாவில் விஸ்கியோ ஜின்னோ கலந்து கிளாஸில் விற்கும் உரிமம் வேண்டுமானால் சமையலறை வைத்தாக வேண்டும். அதுவும் பெயருக்கு அல்ல. சாப்பாட்டு வருமானமும் காக்டெயில் வருமானமும் சேர்ந்த மொத்தத்தில் குறைந்தது 45 சதவீதம் சாப்பாட்டிலிருந்து வர வேண்டும் என்பதுதான் பல பத்தாண்டுகளாக அங்குள்ள பார்களின் தலையெழுத்து. 55,000 டாலருக்குக் காக்டெயில் விற்றவர் 45,000 டாலருக்குச் சாப்பாடு விற்றுக் காட்ட வேண்டும். பீரும் ஒயினும் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே விலை உயர்ந்த விஸ்கியை ஒருவர் ஆசையாகக் கேட்கும்போது பார் முதலாளிக்குச் சந்தோஷமும் கவலையும் ஒன்றாக வரும். அந்த ஒரு கிளாஸை ஈடுகட்ட எத்தனை தட்டு விற்க வேண்டும் என்று அவர் மனம் கணக்குப் போடும்.

வர்ஜீனியாவின் கதை நமக்கு அந்நியமானதும் அல்ல. 1916இல் அந்த மாநிலம் மதுவிலக்குக்குள் போனது. நாடு முழுவதும் விலக்கு நீங்கியதும், 1934இல் அரசே மதுக்கடை திறந்தது. இன்றைக்கும் அங்கே விஸ்கி, ரம், ஜின் பாட்டில் வாங்க ஏபிசி என்ற அரசுக் கடைக்குத்தான் போக வேண்டும். பார் நடத்துகிறவருக்கும் அதே கடைதான். உணவகத்தில் காக்டெயில் கலந்து கொடுப்பதற்கு 1968இல்தான் சட்டம் வழிவிட்டது. அதுவும், குடிக்க வருகிறவன் சாப்பிடவும் வேண்டும் என்ற நிபந்தனையோடு.

குடிக்கிறவனைச் சட்டம் போட்டுச் சாப்பிட வைக்க முடியுமா? இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்வி இது. விடை தேடிப் பழைய சட்டங்களைப் புரட்டியபோது, ரிச்மண்டிலிருந்து நியூயார்க்குக்குப் போய்விட்டேன். அங்கே 1896இல் ஒரு சாண்ட்விச் எனக்காகக் காத்திருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

அந்தக் காலத்து நியூயார்க் சலூன்களில் 'ஃப்ரீ லஞ்ச்' என்று ஒரு வழக்கம் உண்டு. ஐந்து சென்ட் கொடுத்து ஒரு பீர் வாங்கினால், கவுண்டரில் பரப்பி வைத்திருக்கும் பன்றி இறைச்சி, உப்பு மீன், சீஸ், ஊறுகாய், ரை ரொட்டி எதையும் எடுத்துச் சாப்பிடலாம். எல்லாவற்றிலும் உப்பு தூக்கலாக இருக்கும். தாகம் எடுத்து அடுத்த பீர் வாங்கட்டும் என்பது கடைக்காரரின் கணக்கு. வாங்கும் கூலியில் ஒரு வேளைச் சாப்பாடு மிச்சம் என்பது தொழிலாளியின் கணக்கு. இரண்டு கணக்கும் ஒத்துப்போனதால் வழக்கம் நிலைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மது விற்கக் கூடாது என்ற சட்டம் ஏட்டில் இருந்தது. போலீஸுக்கு மாமூல் போய்க்கொண்டிருந்ததால் பின்கதவு திறந்தே இருந்தது. 1895இல் காவல் ஆணையர் குழுவின் தலைவராக வந்தவர் தியடோர் ரூஸ்வெல்ட். பின்னாளில் குடியரசுத் தலைவரான அதே ரூஸ்வெல்ட். சட்டம் இருந்தால் அதை நடத்த வேண்டும் என்று பின்கதவுகளைப் பூட்ட வைத்தார். வாரம் ஆறு நாள் உழைத்தவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. குடும்பத்தோடு உட்கார்ந்து ஞாயிறு பீர் குடிப்பது ஜெர்மானியக் குடியேறிகளுக்குப் பரம்பரைப் பழக்கம். அவர்கள் அந்த செப்டம்பரில் பெரிய கண்டன ஊர்வலம் நடத்தினார்கள். ரூஸ்வெல்ட்டுக்கும் அழைப்பு அனுப்பினார்கள். அவர் வந்தே விட்டார். ஊர்வலத்தில் ஒருவர் 'எங்கேடா அந்த ரூஸ்வெல்ட்?' என்று ஜெர்மன் மொழியில் கத்த, மேடையிலிருந்து குனிந்து 'இதோ இருக்கிறேன்' என்று அதே மொழியில் இவர் பதில் சொன்னதாகக் கதை உண்டு. எதிர்க்க வந்த கூட்டமே கைதட்டியதாம்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் ஜான் ரெய்ன்ஸ் என்ற மாநில செனட்டரின் பெயரால் புதுச் சட்டம் வந்தது. உரிமக் கட்டணம் நியூயார்க் நகரில் 800 டாலராக உயர்ந்தது. ஃப்ரீ லஞ்ச் தடை செய்யப்பட்டது. ஞாயிறு விற்பனைக்குத் தடை நீடித்தது, ஒரே ஒரு விலக்கோடு. ஓட்டலில் தங்கும் விருந்தினருக்குச் சாப்பாட்டோடு சேர்த்து மது பரிமாறலாம். பத்துப் படுக்கையறை இருந்தால் அது ஓட்டல்.

வார நாளில் குடிப்பவன் முன்னாலிருந்த சாப்பாட்டைப் பறித்த அதே சட்டம், ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இல்லாமல் குடிக்காதே என்றது. இதை எழுதியவர்கள் ஒரு சலூனில் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சலூன்காரர்கள் மாடியிலும் பின்கட்டிலும் பலகை அடித்துப் பத்து அறைகளைத் தடுத்தார்கள். சலூன் ஓட்டலாகிவிட்டது. சாப்பாடு? அதற்குத்தான் அந்த சாண்ட்விச். பீர் கேட்பவர் முன்னால் ஒரு தட்டில் வைப்பார்கள். அவர் பீரைக் குடிப்பார், சாண்ட்விச்சைத் தொடமாட்டார். அவர் எழுந்ததும் தட்டு அடுத்த மேசைக்குப் போகும். பிறகு அதற்கடுத்த மேசைக்கு. ஒரே சாண்ட்விச் நாள் முழுக்க ஊர்வலம் வரும்; காய்ந்து விறைத்த பிறகும் வேலை பார்க்கும்.

சேரிகளின் வாழ்க்கையைப் படமெடுத்து எழுதிய பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ் 1902இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். சில கடைகளில் உள்ளே இருப்பது எதுவானாலும் சரி என்றாகி, இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே ஒரு செங்கல்லை வைத்துவிட்டார்களாம். சட்டப்படி அதுவும் சாண்ட்விச். ஸ்டான்டன் தெருவில் ஒரு சலூனில் வாடிக்கையாளர் ஒருவர், தன் முன்னால் வைத்த சாண்ட்விச்சை நிஜமாகவே சாப்பிடப் போய்விட்டார். தகராறு முற்றிப் போலீஸ் வந்தது. போலீஸ் அந்த சாண்ட்விச்சை மீட்டுக் கடைக்காரரிடம் ஒப்படைத்தது. யாரையும் கைது செய்யவில்லை. பரிமாறிய உணவைச் சாப்பிட முயன்றதற்காகப் போலீஸ் வந்த இடம் உலகில் வேறு எங்கே இருக்கிறது?

நீதிமன்றமும் தன் பங்குக்குத் துணை நின்றது. பதினேழு பீரும் ஒரு பிரெட்ஸெல்லும் சேர்ந்தால் அது ஒரு வேளைச் சாப்பாடுதான் என்று ஒரு நீதிபதி முடிவு செய்ததாக ரூஸ்வெல்ட் தன் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். நாடகாசிரியர் யூஜின் ஓ'நீல் இளம் வயதில் இத்தகைய மலிவு விடுதியில் தங்கிக் குடித்தவர். அவருடைய 'தி ஐஸ்மேன் கமெத்' 1912ஆம் ஆண்டின் ஒரு ரெய்ன்ஸ் சட்ட ஓட்டலில்தான் நடக்கிறது. மேசை நடுவே கிடக்கும் அந்தத் தூசி படிந்த சாண்ட்விச்சை அவர் மேடைக் குறிப்பிலேயே சேர்த்துவிட்டார். 1946இல் நாடகம் மேடையேறியபோது அந்தச் சட்டம் பழங்கதையாகியிருந்தது; சாண்ட்விச் மட்டும் அரங்கத்தில் உயிரோடு இருந்தது.

சாண்ட்விச்சோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். தடுத்த அந்தப் பத்து அறைகள் சும்மா கிடக்கவில்லை. கூடுதல் உரிமக் கட்டணத்தை ஈடுகட்ட சலூன்காரர்கள் அவற்றை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். ஊரெங்கும் பாலியல் தொழில் பெருகியது. இந்த ஓட்டல்களை ஒழிப்பதற்கென்றே 1905இல் 'பதினால்வர் குழு' என்று நியூயார்க் பிரமுகர்கள் ஓர் அமைப்பு தொடங்க வேண்டியிருந்தது. ஞாயிறு குடியைக் குறைக்கப் போட்ட சட்டம், சலூனுக்கு மேலே விடுதியையும் கட்டிக்கொடுத்தது.

எது சாப்பாடு, எது இல்லை என்ற இந்த வழக்கு இன்னும் ஓயவில்லை. 1965இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று, பீட்ரூட்டும் ஊறுகாயும் சேர்த்து மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட கனமான சாண்ட்விச் முறையான சாப்பாடுதான் என்று தீர்ப்பளித்தது. 2020 டிசம்பரில் கொரோனா கட்டுப்பாடு வந்தபோது, இங்கிலாந்தின் பல பகுதிகளில் கணிசமான சாப்பாட்டோடுதான் பப்பில் மது கிடைக்கும் என்றார்கள். உடனே 'ஸ்காட்ச் எக்' சாப்பாடா என்று நாடே விவாதித்தது. அவித்த முட்டையை இறைச்சிக் கொத்துக்குள் பொதிந்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பது அது. நம் முட்டை போண்டாவுக்கு அசைவ அண்ணன். ஜார்ஜ் யூஸ்டிஸ் என்ற அமைச்சர் சாப்பாடுதான் என்றார். இன்னொரு அமைச்சர் மைக்கேல் கோவ் முதலில் அது தொடக்கத் தட்டு என்றார். அன்றைக்கே மாற்றிச் சாப்பாடு என்றார். அயர்லாந்து இந்தத் தொல்லையே வேண்டாம் என்று குறைந்தது 9 யூரோ விலையுள்ளதுதான் சாப்பாடு என்று வரையறுத்தது.

நியூயார்க்கில் வரலாறு அப்படியே திரும்பியது. 2020 ஜூலையில் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ, சாப்பாடு வாங்காதவருக்கு மது கிடையாது என்று உத்தரவிட்டார். சரடோகா ஸ்பிரிங்ஸ் ஊரில் ஒரு பார் 'குவோமோ சிப்ஸ்' என்று பெயர் வைத்து ஒரு டாலருக்குச் சில சிப்ஸ்களை விற்றது. மறுபடியும் அதே செங்கல் சாண்ட்விச்! சிப்ஸ் போதாது, சாண்ட்விச், சூப் போன்ற உணவு வேண்டும் என்று அரசு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. 2021 ஏப்ரலில் சட்டமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது.

இனி ரிச்மண்டுக்கு வருவோம். குடியோடு சாப்பாடு என்ற அதே எண்ணம் நியூயார்க்கில் செங்கல்லாகவும் வர்ஜீனியாவில் சமையலறையாகவும் ஆனதற்குக் காரணம் எனக்கு இப்போது தெளிவாகத் தெரிகிறது. நியூயார்க் சட்டம் மேசை மேல் தட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. வர்ஜீனியா சட்டம் அந்தத் தட்டுக்கு யாராவது காசு கொடுத்தார்களா என்று கேட்கிறது. ஆண்டுதோறும் கணக்கு வாங்கிச் சரிபார்க்கிறது. செங்கல்லை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். ஆகவே சாப்பிடத் தக்கதைச் சமைத்தே ஆக வேண்டும். 45 சதவீதம் சிறிய பார்களை நசுக்குகிறது என்ற புகாரில் நியாயம் உண்டு. அந்த எண் குறையலாம். ஆனால் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் சரியானது. வயிற்றில் உணவு இருந்தால் மது இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்கு மெதுவாகத்தான் இறங்கும். ரத்தத்தில் அதன் அளவு சட்டென்று உச்சத்துக்கு ஏறாது. சாப்பிடுகிறவன் உட்காருகிறான், பேசுகிறான், மெதுவாகக் குடிக்கிறான்.

இதை வாசிக்கும்போது நம் ஊர் நினைவு வராமல் இருக்காது. 2003ஆம் ஆண்டு விதிகளின்படி டாஸ்மாக் கடையை ஒட்டிய பாருக்கு ஏலம் விடும் உரிமம், மது விற்பதற்கான உரிமம் அல்ல. தின்பண்டம் விற்பதற்கும் காலி பாட்டில் சேகரிப்பதற்குமான உரிமம் அது. மது விற்பது பக்கத்துக் கடை. சட்டத்தின் கண்ணில் பார் என்பது சாப்பாட்டுக் கடை. வர்ஜீனியாவாவது சாப்பாடு பாதிக்குக் கிட்ட இருக்கட்டும் என்றது. நம் விதி முழுக்கவே சாப்பாடு என்கிறது. இது பற்றி விரிவாக எழுத நிறைய இருக்கிறது. தனியாக ஒரு வாரம் ஒதுக்குகிறேன்.

ரிச்மண்டின் காக்டெயில் பார்களுக்குள் அடுத்த வாரம் நுழைவோம். அந்த ஊரின் காக்டெயில் வரலாறு ஒரு கறுப்பினச் சமையல்காரரிடம் தொடங்குகிறது. அடிமையாகப் பிறந்து, புதினாவும் நொறுக்கிய பனிக்கட்டியும் போட்ட ஜூலெப் கலந்து, அந்த வருமானத்தில் தன் மனைவியைப் பணம் கொடுத்து மீட்ட ஜான் டாப்னி அவர். சமையலும் மதுவும் ஒரே கையில் இருந்த மனிதர் என்பதால், இந்தத் தொடருக்கு அவரைவிடப் பொருத்தமான நாயகர் கிடையாது.

அதற்கு முன் நம் அரசுக்கு ஒரு வேண்டுகோள். பார் ஏலத்தில் அதிகத் தொகை கேட்டவர் யார் என்று பார்ப்பதோடு, அங்கே அடுப்பு எரிகிறதா, தண்ணீர் சுத்தமாக வருகிறதா, தட்டில் வைப்பது சாப்பிடத் தக்கதா என்றும் போய்ப் பாருங்கள். உரிமத்தில் எழுதியிருப்பது சாப்பாடு என்றால், குடிக்க வருகிற மனிதனுக்கு நல்ல சாப்பாடு கிடைக்க வேண்டும்.

(தொடரும்)