நெகிழிப்பைத் தடை: ஒரு நகரம் மட்டும் தடுத்தால் போதுமா?

கடைகளில் பொருள் போட்டுக் கொடுக்கும் நெகிழிப்பையை, அதாவது கேரி பேக்கை, சட்டத்தால் விலக்குவது நெகிழிப்பைத் தடை எனப்படும். தமிழ்நாட்டில் இத்தடை 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பொருள்கள் இதில் அடங்கும்.

இத்தடையை நகரங்கள் தனித்தனியே விதித்தால் போதாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சிவகாசியை ஒட்டியுள்ள விஸ்வநத்தத்தை எண்ணிப் பாருங்கள். சிவகாசிக்குள் மட்டும் தடை இருந்தால், வேலை முடிந்து வீடு திரும்புகிறவர் எல்லை தாண்டியதும் காய்கறியைப் பையோடு வாங்கிக்கொள்வார். சட்டத்தை மதித்த கடைக்காரருக்கே வியாபாரம் குறையும். மழை பெய்தால் எந்தக் கடைப் பையானாலும் ஓடையை அடைத்துக்கொண்டுதான் கிடக்கும்.

நீலகிரி மாவட்டம் மாநிலத்துக்கு முன்பே நெகிழிப்பையைத் தடுத்தது. மலைக்கு ஏறும் சாலைகள் சில மட்டுமே என்பதால் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்க்க முடியும். சமவெளி ஊர்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே பை தயாராகும் இடத்திலேயே தடுக்க வேண்டும். அது மாநில அரசும் மத்திய அரசும் செய்யக்கூடியது. 2002இல் நாடு முழுவதும் தடை விதித்த வங்கதேசத்திலும், உற்பத்தி மறைவாகத் தொடர்ந்ததால் பைகள் மீண்டும் புழக்கத்துக்கு வந்தன.

மத்திய அரசின் விதி வேறு வகை. கேரி பேக்கின் தடிமன் 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரானும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானும் இருக்க வேண்டும் என்கிறது. ஒரே அளவுள்ள 40 மைக்ரான் பையைவிட 120 மைக்ரான் பைக்கு மூன்று மடங்கு மூலப்பொருள் தேவை. விலை ஏறும்போது கடைக்காரர் இலவசமாகக் கொடுக்கத் தயங்குவார். கனமான பையைப் பழைய பொருள் சேகரிப்பவரும் எடுப்பார். தமிழ்நாட்டிலோ எந்தத் தடிமனும் கூடாது. துணிபோல் தோன்றும் நெய்யாத பையும் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்பதால் அதுவும் தடைப் பட்டியலில் உண்டு. உற்றுப் பார்த்தால் அதில் நூலிழை இராது, சூட்டில் அழுத்திய புள்ளிகளே தெரியும்.

தொடக்கத்தில் ஆலையிலேயே அடைத்து வரும் பொருள்களின் நெகிழி உறைகளுக்கு விலக்கு இருந்தது. நிறுவனத்தின் சிப்ஸ் உறைக்கு அனுமதி, பெட்டிக்கடைக்காரரின் பைக்கு அபராதம் என்று சிறு வணிகர்கள் குறைப்பட்டது நியாயமே.

உள்ளாட்சி செய்ய வேண்டியது மாற்றுப்பை கைக்கு எட்டும்படி பார்த்துக்கொள்வது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. சென்னை கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரம் வைத்தார்கள். நம் பக்கத்தில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை இல்லாத வீடு குறைவு. கடைக்குக் கிளம்பும்போது அதைக் கையில் எடுக்கும் பழக்கம்தான் விட்டுப்போயிற்று.